சுதிக்கட்டி

பாறையடிவிளையில் எதையும் சும்மா வைத்துவிட்டுப் போக முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற காற்று முதலில் வந்து முட்டுகிற ஊர் அது என்பதால், காயப்போட்ட துணிமேல் கல், சீவிப்போட்ட கிழங்குமேல் கல், கோழிக்கூட்டின்மேல் கல், கோயில் பெஞ்சில் விட்டுப்போன பாட்டுப்புத்தகத்தின்மேல் கல் என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கல்லை ஏற்றித்தான் ஊர் பிழைத்துவந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வாசலில் செருப்பைக் கழற்றி அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். வைக்க மறந்த மாப்பிள்ளை வீட்டார் வெறுங்காலோடு பஸ் ஏறியதும் உண்டு. ஆனியில் தொடங்கி ஆவணி முடிகிறவரை கூரைகள் எழுந்து எழுந்து உட்காரும். கல்லைக் கூட்டி ஏற்றினால் ஷீட் கீறும், டயரை ஏற்றினால் அதில் தண்ணீர் நின்று கொசு பெருகும், மணல்மூட்டையை ஏற்றினால் வெயிலில் சாக்கு இற்று மணலும் காற்றோடு போகும். ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகள் இதையெல்லாம் பார்த்தபடி, ஓர் அவசரமும் இல்லாமல், கையைச் சுழற்றிக்கொண்டிருந்தன.

அந்தக் காற்றாலைகளின் சாமான்கள் குவிந்து கிடக்கிற யார்டில் எபனேசர் ராக்காவல் பார்த்தார். அதற்கு முன்னால், தலைமயிர் கறுப்பாயிருந்த காலத்தில், மெல்லிசைக் குழு ஒன்றில், பாட்டுக்கு அடியில் கீழ்ச்சுரம் பிடிக்கிற பாஸ் கிட்டார் வாசித்தார். அம்மன் கொடை, மாதா திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே மேடை போட்டாலும் டிரம்ஸுக்கும் பின்திரைக்கும் நடுவில் மிஞ்சுகிற இடம் அவருடையது. பாடகருக்கு மாலை விழும், தபேலாக்காரருக்குக் கைதட்டல் விழும், இவருக்குத் திரையில் ஒட்டியிருந்த ஜிகினா விழும். கல்யாணமான புதிதில் மனைவி லில்லிபாயைக் கச்சேரிக்கு அழைத்துப்போய், முடிந்ததும் எப்படியிருந்தது என்று கேட்டார். பாட்டு கேட்டது, தபேலா கேட்டது, அந்த ஆள் ஊதினது கேட்டது, நீங்கள் அடித்தது எது என்றுதான் தெரியவில்லை என்று அவள் உள்ளபடியே சொன்னாள். அப்புறமும் எத்தனையோ கச்சேரிக்கு வந்தாள், எத்தனையோ தடவை அவர் கேட்டார், அவள் யோசித்துப்பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். குழு கலைந்தது, கிட்டார் குழுக்காரரோடு போனது, பிள்ளைகள் வளர்ந்து ஓசூருக்கும் குவைத்துக்கும் போனார்கள். காதுக்குள் போய்விட்ட தண்ணீரைப்போல அந்தப் பதில் மட்டும் வலிக்காமலும் வெளியேறாமலும் அவருக்குள் கிடந்தது.

அதனால்தான் ஒருநாள் நாகர்கோவிலுக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த பாஸ் கிட்டார் ஒன்றை வாங்கினார். ஒட்டுப்பலகை உடம்பு, லேசாக வளைந்த கழுத்து, எத்தனை நாள் ஆனாலும் போகாத சாய நெடி. கையில் மிஞ்சியதற்கு, பிள்ளைகள் லீடு கிட்டார் பழகுவதற்கென்று செய்த ஒரு சின்ன ஆம்ப்தான் கிடைத்தது. அதன் ஸ்பீக்கர் ஒரு டீக்கடைச் சாஸர் அளவு இருக்கும். கடைக்காரர் சேவியர் நேர்மையானவர், இது பாஸுக்குள்ள பொட்டி இல்லை, தடிக்கம்பியை இதால் தாங்க முடியாது என்று வாங்குவதற்கு முன்பே சொன்னார். எபனேசர், இப்போதைக்கு இது ஓடட்டும், பிறகு நல்லதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்படிச் சொல்லி வாங்கிய சாமான்கள்தான் அவர் வீடு முழுக்க இருந்தன.

ராக்காவல் முடிந்து, வராத தூக்கத்துக்காகக் கொஞ்சநேரம் படுத்துக் கிடந்து, எழுந்து, முற்றத்தில் லில்லிபாய் கிழங்கு சீவிக்கொண்டிருக்கையில் அவர் வயரைச் செருகித் தடிக்கம்பியை மீட்டினார். ஆம்ப் ‘டப்’ என்றது. அவ்வளவுதான் சத்தம். பிறகு அதன் முகத்துணி கொஞ்சம் புடைத்து, விலகி, சுரம் வெளியே வந்து தரையில் விழுந்தது. கருப்பட்டி நிறம், இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவு, அம்மிக்குழவியின் கனம், தொட்டால் இளஞ்சூடு. உள்ளே ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டேயிருந்தது. லில்லிபாய் கத்தியைக் கீழே வைத்தாள், வந்தாள், மூச்சைப் பிடித்து அதைத் தூக்கிப்போய், காற்றில் எழும்பிக்கொண்டிருந்த கிழங்குப்பாயின் ஓரத்தில் வைத்தாள். பாய் அடங்கியது. இன்னும் ஒன்று அடிக்க முடியுமா, அந்த மூலைக்கும் வேண்டும் என்றாள்.

அவர் அடித்தார். சத்தம் வரவில்லை. இரண்டாவதும் விழுந்தது.

முதலில் கேட்டு வந்தவர் பக்கத்து வீட்டுத் தாசையன். பஸ் கண்டக்டராயிருந்து ஓய்வுபெற்றவர், ஊர்க்கமிட்டியில் ஒருவர், எதையும் சில்லறை பாக்கியில்லாமல் பேசி முடிக்கிற ஆள். தன் வீட்டு ஷீட்டின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். கல்லைப்போல அது ஒரே இடத்தில் குத்தி நிற்கவில்லை. வெயிலில் பூனை படுக்கிற மாதிரி ஷீட்டின் வளைவுக்குத் தக்கபடி தன்னைச் சரித்துக்கொண்டு படுத்தது. நடுக்கம் இருப்பதால் காக்காய் உட்காரவில்லை. அந்த வாரம் அடித்த காற்றில் மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் ஏணியும் கயிறுமாக அலைந்தபோது தாசையன் வீட்டுக்குள் மல்லாந்து படுத்து ரேடியோ கேட்டார். அதற்குப் பிறகு எபனேசர் வீட்டு முற்றத்தில் ஆள் ஒழிந்த நேரமில்லை.

ஊர் அதற்குச் சுதிக்கட்டி என்று பேர் வைத்தது. பேர் வைத்ததும் அது ஊரில் எப்போதும் இருந்த சாமான் மாதிரி ஆகிவிட்டது. தடிக்கம்பிக் கட்டி கூரைக்கு, அடுத்த கம்பிக் கட்டி கதவுக்கும் தண்ணீர் டாங்க் மூடிக்கும், மூன்றாவது கம்பியில் விழுவது துணிக்கொடிக்கு, மெல்லிய கம்பியில் விழுகிற எலந்தைப்பழக் கட்டிகள் பஞ்சாயத்து ஆபீஸ் காகிதங்களுக்கு என்று பெண்கள் பிரித்து வைத்தார்கள். அம்மன் கோயில் பூசாரி கொடிமரத்தின் அடியில் ஒன்றைப் பதித்துக் குங்குமம் வைத்தார். சி.எஸ்.ஐ. போதகர் இரண்டு ஞாயிறு யோசித்துவிட்டு, வேதத்தில் இதற்கு விரோதமாக ஒன்றும் இல்லை என்று அறிவித்து, பிரசங்கபீடத்துக்கு ஒன்று கேட்டனுப்பினார். ரேஷன் கடைக்காரர் மட்டும் திருப்பிக் கொடுத்தார். காலையில் ஓர் எடையும் சாயங்காலம் ஓர் எடையும் காட்டுகிற சாமானை வைத்துக்கொண்டு தராசு பிடிக்க முடியாது என்றார். ஒரு காற்றுக்காலம் முழுக்கக் காற்று அதை நக்கி நக்கிக் கரைக்கும். புரட்டாசிக்குள் குழவி நெல்லிக்காயாகிவிடும். ஆகவே வருசாவருசம் புதிதாக வேண்டியிருந்தது.

எபனேசர் இல்லையென்று சொல்லவில்லை. விடிய விடிய யார்டில் டார்ச் அடித்துவிட்டு வந்து, கட்டிலில் கிடக்கையில் வாசலில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். எழுந்து, முகத்தைக் கழுவி, கிட்டாரை மாட்டுவார். டப். எடுத்துக்கொண்டு போவார்கள். டப். எடுத்துக்கொண்டு போவார்கள். மேடையில் நின்ற காலத்தில் அவரை யாரும் கேட்டதில்லை. இப்போது ஊரே கேட்கிறது, ஆனால் கேட்பது அதையல்ல. இவ்வளவு வாசித்தும் வீட்டுக்குள் இருக்கிற ஒருத்திக்கு ஒரு சுரம்கூடக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வார், நினைத்தபடியே அடுத்த ஆளுக்காக மீட்டுவார். லில்லிபாய் வருகிறவர்களுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள்.

நன்றியுள்ள ஊர்தான். அந்த நன்றியில்தான் தவறு நடந்தது. அறுப்பின் பண்டிகையன்று எபனேசருக்குப் பொன்னாடை போர்த்தி, சி.எஸ்.ஐ. கோயிலில் ஒரு கீர்த்தனை வாசிக்கச் சொன்னார்கள். அவருடைய வயரைக் கொண்டுபோய்க் கோயிலின் ஆளுயர ஸ்பீக்கர்களில் செருகினார்கள். இன்றைக்கு லில்லிபாய் கேட்டுவிடுவாள் என்று நினைத்தார். மெல்லிய கம்பியில் தொடங்கி மூன்றாவதுக்கு இறங்கினார். கட்டி விழவில்லை, சத்தம் வந்தது, நல்ல உருண்டையான சத்தம், சபை தலையாட்டியது. தடிக்கம்பிகளுக்கு வருவதற்குள் கரண்டு போய்விட்டது. அவள் பெண்கள் பக்கம் இருக்கிறாளா என்று பார்த்தார். அவள் கோயிலுக்குப் பின்னால், மற்றப் பெண்களோடு அசனச் சாப்பாட்டுக்குச் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தெரிந்தது. வாய்திறந்துவிட்ட இரண்டு கம்பிகளும் வீட்டுச் சின்ன ஆம்பில் எவ்வளவு மீட்டியும் கட்டி போடவில்லை. ஒருதரம் சரியானபடி ஒலித்துவிட்ட கம்பிக்கு, பிறகு கட்டி போடத் தெரியவில்லை. துணிக்கொடிக் கட்டியும் காகிதக் கட்டியும் அத்தோடு நின்றன. ஊர்க்கமிட்டி கூடி, மிச்சமிருக்கிற இரண்டு தடிக்கம்பிகளையும் எந்தப் பெரிய ஸ்பீக்கரிலும் செருகக்கூடாது என்று முடிவெடுத்தது. மைக்செட் வயரை, கோயிலில் மணியடித்து வேலை பார்க்கிற கோயில்குட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார். எபனேசர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வைகாசியில் சின்ன ஆம்ப் செத்தது. தாங்க முடியாததைத் தாங்கித் தாங்கி அதன் ஸ்பீக்கர் நெடுக்கக் கிழிந்திருந்தது. காற்றுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஊர் செலவில் புதிது வாங்குவது என்றும், எபனேசரோடு தாசையன் போவது என்றும் தீர்மானமாயிற்று. குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க வேண்டும் என்று லில்லிபாயும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

சேவியரின் கடையில் மேலேயிருந்து தம்புரினும் மவுத்தார்கனும் கொத்துக்கொத்தாகத் தொங்கின. பாஸுக்கு ஆம்ப் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தாசையன் கையை உயர்த்தி அதை நிறுத்தினார்.

“இருக்கதுலயே எதுக்கும் கொள்ளாதது எதுவே?”

“கொள்ளாதத நான் விக்கதில்ல.”

“கோவப்படாதயும். தடிக்கம்பி இதுல கேக்குமா?”

“கொஞ்சம் கேக்கும்.”

“அப்ப வேண்டாம். அது?”

“அது கீபோர்டுக்குள்ளது. சுமாரா கேக்கும்.”

“வேண்டாம். அந்த மூலையில, பால்பவுடர் டப்பா கணக்கா இருக்கே?”

சேவியர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எபனேசர் பக்கம் திரும்பினார். இத்தனை வருசக் கடையில் கேட்காத சாமானைக் கேட்டு வந்தவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். பிறகு ஆற்றாமையில் கடைக்கோடிக்குப் போய், மூடியிருந்த பெட்ஷீட்டை இழுத்தார். உள்ளே இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டி நின்றது. அண்டாமூடி அகலத்துக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர். அவர் அதன் தலையில் கைவைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். கீழ்ச்சுரம் தள்ளுவதற்கு லீடு கிட்டாரைப்போல மூன்று நாலு மடங்கு வாட்ஸ் வேண்டும், ஸ்பீக்கர் அகலம் வேண்டும், பொட்டி கனமாயிருக்க வேண்டும், இல்லையென்றால் பொட்டிதான் ஆடும், சுரம் ஆடாது. கிட்டார் மட்டம் என்பதற்காகப் பொட்டியையும் மட்டமாகப் பார்க்கக்கூடாது; மட்டக் கிட்டாரை நல்ல பொட்டி தாங்கிக்கொள்ளும், நல்ல கிட்டாரை மட்டப் பொட்டி கொன்றுபோடும். இவருடைய இந்த ஒட்டுப்பலகைக்கு இதுதான் சரியான ஜோடி. வாங்க வேண்டாம், சும்மா ஒருதரம் செருகிப் பார்க்கட்டும்.

எபனேசர் உறையிலிருந்து கிட்டாரை எடுத்துவிட்டார். எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வயர் செருகியாயிற்று. பொட்டிக்குள் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

“வே, எபனேசரு,” என்றார் தாசையன்.

கண்டக்டர் குரலில்லை அது. அவர் கிட்ட வந்து, கடைக்காரருக்குக் கேட்காதபடி பேசினார். தன் கூரையில் கிடக்கிற கட்டிகள் கரைந்து நெல்லிக்காயாகிவிட்டன, மகள் பேறுகாலத்துக்கு வந்து அந்தக் கூரைக்குக் கீழேதான் படுத்திருக்கிறாள், தன் வீடு மட்டுமல்ல, தெருக்கோடிப் பெனினாள் வீடு, பூசாரி வீடு, எல்லாம் அப்படித்தான் என்றார். எபனேசருக்கு எல்லாம் தெரியும். எல்லா வீட்டுக் கூரைக்கும் அவர்தானே வாசித்தார்.

“இவளுக்கு ஒருதடவ கேக்கணும் அண்ணே,” என்றார். “இந்த கிட்டார வாங்குனது அதுக்குத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல.”

தாசையன் திரும்பி லில்லிபாயைப் பார்த்தார். அவள் வழியில் வாங்கிய ரப்பர் வளையத்தைக் கையில் வளையல் மாதிரி மாட்டியிருந்தாள்; தன்னைப்பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததும் அதைக் கழற்றினாள். தாசையன் கடை வாசல்வரை போனார். ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ரோட்டில் ஒரு மினிபஸ் நின்று, ஆளை இறக்கி, ஏற்றி, போயிற்று. திரும்பி வந்தார்.

“தடிக்கம்பியத் தொடாதயும். அது கூரைக்கு இருக்கட்டும்,” என்றார். “அடுத்ததத் தொட்டுக்கிடும். கதவுக்கு நாங்க பழையபடி கல்லு வச்சுக்கிடுதோம்.”

எபனேசர் இரண்டாவது தடிக்கம்பியை மீட்டினார்.

தொங்கிக்கொண்டிருந்த தம்புரின்களெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. கண்ணாடி அலமாரி தன் கதவைத் தானே திறந்துகொண்டது. சத்தம் முன்னால் வரவில்லை, தரைவழியாக வந்து, உள்ளங்காலில் ஏறி, முழங்காலைச் சுற்றி, வயிற்றில் கொஞ்சம் தங்கி, அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது. அவர் காதுக்கே இத்தனை காலத்துக்குப் பின்தான் அது வந்தது. விடாமல் மீட்டினார், ஒரே கம்பிதான் என்பதால் பாட்டாகவில்லை, பாட்டுக்குக் கீழே கிடப்பது மட்டும் ஆயிற்று. போதும் என்று கை தானாக நின்றபோது அவர் லில்லிபாயைப் பார்க்கப் பயந்து பொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதா?” என்றாள் அவள். “இது ஜெனரேட்டர்லா?”

அவர் நிமிர்ந்தார்.

“நான் இத்தன காலமும் இத ஜெனரேட்டர்னு நெனச்சேன். மேடைக்குப் பொறத்தால வச்சிருப்பாங்கள்லா. தலவலி வந்திரும் எனக்கு, அந்தப் பாட்டும் கொட்டும். எந்திச்சு அங்க போயி உக்காந்துக்கிடுவேன். அந்தப் பக்கந்தான் இந்தச் சத்தம் நல்லா வரும்.”

“நீ எந்திச்சுப் போனத நான் பாத்திருக்கேன்,” என்றார் எபனேசர். “தூங்கப் போறேன்னு நெனச்சேன்.”

“தூங்கல்ல. இதக் கேட்டுட்டு இருந்தேன்.” கொஞ்சம் யோசித்தாள். “ஒரு கச்சேரியில நீங்க கலியாணப் பாட்டுக்குப் பொறவு நிறுத்திட்டியளே, வேளிமலைப் பக்கத்துல. நான் டீசல் தீந்துபோச்சுன்னு ஜெனரேட்டர் ஆள்ட்ட போயிச் சொன்னேன். அவன் என்ன ஏசுனான்.”

அன்றைக்கு அவருக்குக் கம்பி அறுந்திருந்தது. அதை மேடையில் யாரும் கவனிக்கவில்லை, பாடகர்கூட. எபனேசர் கிட்டாரைக் கழற்றி உறைக்குள் வைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சேவியர் பெரிய பொட்டியின்மேல் பெட்ஷீட்டை மறுபடி போர்த்தினார். தாசையன் பால்பவுடர் டப்பா ஆம்பைத் தானே எடுத்துக்கொண்டு, கட்டிக் கொடுக்கும்படி சொன்னார். எபனேசர் சுமக்க வந்தபோது கொடுக்கவில்லை.

வடசேரியில் பஸ் கிடைத்தது. தாசையன் முன்னால் போய் டிரைவருக்குப் பின்சீட்டில், மடியில் ஆம்போடு உட்கார்ந்தார். இவர்களுக்குப் பின்சக்கரத்தின் மேலேதான் இடம் இருந்தது. தோவாளை தாண்டியதும் காற்று ஜன்னலில் கைவைத்தது, ஷட்டர்கள் படபடத்தன, பூக்கூடைக்காரப் பெண்கள் முந்தானையைக் கூடைமேல் இழுத்துவிட்டார்கள். அந்தப் பெரிய பொட்டியை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று லில்லிபாய் கேட்டாள். இந்தப் பக்கம் பாஸுக்கென்று யாரும் வரமாட்டார்கள், அது அங்கேயேதான் நிற்கும் என்றார் எபனேசர். இன்னொரு கம்பி இருக்கிறதல்லவா என்றாள். இருக்கிறது, அது ஊருக்கு என்றார். அவள் சரி என்றாள். ராத்திரி டூட்டிக்கு இன்னும் நேரமிருந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியவருக்கு ஒரு முனகல் கேட்டது. லில்லிபாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடையில் கேட்டதைத் தொண்டையால் தொட்டுப்பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் அவ்வளவு கீழே போகிற குரலில்லை. இறங்கினாள், இன்னும் இறங்கினாள், ஒரு படிக்குக் கீழே சத்தம் நின்று வெறும் மூச்சு மட்டும் போயிற்று. முன்சீட்டில் தாசையன், பஸ்ஸுக்கு ஏதோ கோளாறு என்று டிரைவரைக் குனிந்து பார்த்தார்.

லில்லிபாய் வாயைக் கையால் பொத்தினாள். பிறகு கையை மடிக்குக் கொண்டுவந்து விரித்தாள். உள்ளங்கையில், புளியங்கொட்டை அளவில், கறுப்பாக ஒன்று இருந்தது. எபனேசர் விரலை வைத்துப் பார்த்தார். சூடாயிருந்தது, நடுங்கியது.

அவள் அதை முந்தானை நுனியில் வைத்து முடிந்து, முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள்.

“தாசையண்ணன்ட்ட சொல்லீராதீங்க,” என்றாள். “நாளைக்கே கூரைக்குக் கேப்பாரு.”